ஒரு சொட்டு வைத்தியம்

பழைய லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன், அபெர்ச்சர் வளையம் அசையவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவரும் சரி, தெரியாதவரும் சரி, பதில் ஒண்ணுதான்: "ஓரத்துல ஒரு சொட்டு லைட்டர் ஃப்ளூயிட் விடுங்க, கொஞ்ச நேரம் ஊறட்டும், அப்புறம் அழுத்தித் திருப்புங்க, வந்துரும்." சிலர் சொட்டுக்குப் பதிலாக டபிள்யூடி-40 என்பார்கள். சிலர் ஹேர் டிரையர். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம் ரப்பர் துணி சுற்றிய கட்டிங் பிளேயர்.

இந்தக் குறிப்பு அந்த அறிவுரையைப் பற்றிய விமர்சனம். அது முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ செத்துப்போயிருக்கும். பாதி சமயம் வேலை செய்கிறது, அதனால்தான் ஆபத்து.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒண்ணு இருக்கு. பத்து வருஷம் முன்னால் ஒரு 50 மிமீ லென்ஸுக்கு இதே வைத்தியம் பார்த்தேன். சொட்டு விட்டேன், வளையம் கழன்று கொடுத்தது, சந்தோஷமாக நாலு வாரம் படம் எடுத்தேன். அஞ்சாவது வாரம் முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. திரும்பவும் சொட்டு, திரும்பவும் அழுத்தம். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வளையம் இப்போது வெண்ணெய் மாதிரி சுற்றியது. உள்ளே பார்த்தால் இதழ் ஒன்று துவாரத்துக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது, லென்ஸ் மீது ஒரு குற்றமும் இல்லை. அந்த "டிக்" ஏன் வந்தது என்று தேட ஆரம்பித்ததில்தான் இந்த விஷயத்துக்குள்ளே போனேன்.

நண்பனின் ஹீலியோஸ்

இப்போது எழுதக் காரணம் வேறு. கல்லூரி நண்பன் ஒருவன் போன மாசம் ஒரு ஹீலியோஸ் 44-2 கொண்டுவந்தான். அவனுடைய அப்பா நெய்வேலியில் வேலை பார்த்தவர். அங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. ஊர் திரும்பிய ரஷ்யக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஜெனிட்-ஈ கேமராவும் லென்ஸும் அவர்கள் வீட்டு பீரோவில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. லென்ஸின் வரிசை எண் 76 என்று தொடங்குகிறது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரிப்பு வருஷம்.

"அபெர்ச்சர் ஜாம்டா. ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்துட்டேன், அசையல. மூணாவது தடவை கொஞ்சம் ஜாஸ்தியா விட்டேன். அப்பாவுக்கு எண்பதாகுது, தெரிஞ்சா என்ன சொல்வாரோ."

கையில் வாங்கிப் பார்த்தேன். ஹீலியோஸ் 44-2-இல் அபெர்ச்சருக்கு இரண்டு வளையம் உண்டு. முன்னால் இருப்பதில் 2, 2.8, 4 என்று 16 வரை எண்கள் இருக்கும், டொக் டொக் என்று நின்று நின்று திரும்பும். அதற்குப் பின்னால் இருப்பது எண்ணும் சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவது. நண்பன் பின்னால் இருக்கும் வளையத்தைத்தான் திருகிக்கொண்டிருந்திருக்கிறான். முன் வளையம் எஃப் 2-இல் நின்றிருந்தது.

அவ்வளவுதான். லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. முன் வளையம் 2-இல் இருந்தால் பின் வளையம் நகரக்கூடாது. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது.

அந்த முட்டு எதற்கு?

ஹீலியோஸ் 44-இன் கண்ணாடி அமைப்பு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் யேனா நிறுவனத்தின் பயோட்டார் 58 மிமீ எஃப் 2-இன் வழி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத்துக்குப் போன தொழில்நுட்பங்களில் அதுவும் ஒன்று. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையிலும், பிறகு வேறு தொழிற்சாலைகளிலும் லட்சக்கணக்கில் செய்தார்கள். நாலு தொகுதிகளில் ஆறு கண்ணாடி, எட்டு அபெர்ச்சர் இதழ்கள்.

ஜெனிட்-ஈ 1965-இல் வந்த எஸ்எல்ஆர். ஷட்டரை அமுக்கும்போது லென்ஸைத் தானாகச் சுருக்கும் ஏற்பாடு அந்தக் கேமராவில் கிடையாது. எஸ்எல்ஆரில் நாம் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். எஃப் 2-இல் துவாரத்தின் விட்டம் 29 மிமீ. எஃப் 16-இல் 3.6 மிமீ. பரப்பளவில் 64 மடங்கு வித்தியாசம். எஃப் 8, 11 வைத்துக்கொண்டு ஃபோகஸ் பண்ணப் பார்த்தால் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். அதனால் இந்த இரட்டை வளையம். வேண்டிய எண்ணை, உதாரணமாக 8, முன் வளையத்தில் வைத்துவிட வேண்டும். பின் வளையத்தை முழுசாகத் திறந்து, வெளிச்சத்தில் ஃபோகஸ் பண்ண வேண்டும். பிறகு கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின் வளையத்தை முட்டும் வரை திருப்பினால் சரியாக 8-இல் நிற்கும். படம் எடுக்கலாம்.

அந்த முட்டுதான் இந்த இயந்திரத்தின் உயிர். கண்ணால் செய்ய வேண்டியதை விரல் செய்துகொள்ளும். அதையே "ஜாம்" என்று படித்துவிட்டுத் திரவம் ஊற்றினால், நோய் இல்லாத உடம்புக்கு மருந்து கொடுத்த கதைதான்.

இது ஹீலியோஸுக்கு மட்டும் நேர்வதல்ல. இதற்கு அடுத்த தலைமுறை எம்42 லென்ஸ்களில் பின்பக்கம் ஒரு சின்ன ஊசி இருக்கும். கேமரா அந்த ஊசியை அமுக்கும்போதுதான் இதழ்கள் சுருங்கும். அப்படிப்பட்ட லென்ஸைக் கையில் வைத்து, ஆட்டோ நிலையில் வளையத்தைச் சுற்றினால் இதழ்கள் அசையாது. ஊசியை அமுக்காத வரை முழுசாகத் திறந்தேதான் இருக்கும். இதையும் "அபெர்ச்சர் போச்சு" என்று எழுதிவைத்து விற்பவர்கள் உண்டு.

ஆக, என் முதல் குற்றச்சாட்டு: ஒரு சொட்டு வைத்தியம் கேள்வி கேட்பதில்லை. எது அசையவில்லை, எங்கே அசையவில்லை, எப்படி அசையவில்லை, எதுவும் அதற்கு வேண்டாம். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை பழக்கமானது. லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவது.

விரல் சொல்லும் மூன்று செய்தி

கருவி எதுவும் இல்லாமல், ஸ்க்ரூவைத் தொடாமல், விரலிலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று, பசைபோன்ற இறுக்கம். தேன் பாட்டிலில் ஸ்பூனை வேகமாக இழுத்தால் தேன் பிடித்துக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். கெட்டிப்பட்ட கிரீஸும் அப்படித்தான், அதன் தடை வேகத்தோடு கூடும். வளையத்தை மிக மெதுவாக, ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறதா? அப்படியானால் பிரச்சினை கிரீஸ்.

இரண்டு, சொரசொரப்பான இறுக்கம். வேகம் எதுவானாலும் ஒரே தடை, விட்டு விட்டு நகரும், மணல் அரைபடுவது மாதிரி. இது காய்ந்த உராய்வு. அலுமினியத்தில் பூத்த வெள்ளைப் பொடி, தூசி, அல்லது கீழே விழுந்து நசுங்கிய விளிம்பு வளையத்தோடு உரசுவது.

மூன்று, சுவரில் முட்டுவது மாதிரி. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சட்டென்று நிற்கும். அது வரை லேசாக வரும். இங்கே கிரீஸுக்கு வேலையே இல்லை. ஏதோ ஒரு பொருள் இன்னொரு பொருளை வழிமறிக்கிறது. ஹீலியோஸின் முட்டு மாதிரி நியாயமானதாக இருக்கலாம். இடம் மாறிய ஸ்க்ரூவாகவோ, டொக் டொக் சத்தத்துக்காக வைத்த கடுகளவு பால்ரஸ் குண்டு குழியை விட்டு வெளியே வந்ததாகவோ, முன்னால் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியதாகவோ இருக்கலாம்.

இந்த மூன்றில் முதலாவதுக்கு மட்டும்தான் திரவம் ஒரு விடை. மற்ற இரண்டுக்கும் ஊற்றுவது வீண். ஊற்றிய பிறகு அழுத்துவது அழிவு.

இன்னொரு கேள்வியும் உண்டு. இறுகியது வளையமா, இதழ்களா? முன்னும் பின்னும் வெளிச்சம் பிடித்து உள்ளே பாருங்கள். இதழ்கள் மங்கலான கருப்பாக இருக்க வேண்டும். பளபளப்போ வானவில் நிறமோ தெரிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு இதழும் காகிதம்போல மெல்லிய தகடு. அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு குட்டி ஊசி. ஒன்று நிலையான வளையத்தின் துளையில் உட்கார்ந்திருக்கும், இன்னொன்று சுழலும் வளையத்தின் பள்ளத்தில் ஓடும். இதழ்கள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது வெளியே முழு பலத்தையும் போட்டால், அந்த பலம் போய்ச் சேருவது இந்த ஊசிகளில். பத்து வருஷம் முன்னால் நான் கேட்ட "டிக்" அதுதான்.

கரைந்தது எங்கே போகும்?

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது. கிரீஸ் இறுக்கம் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது சொட்டு சரியா?

கிரீஸ் என்பது சோப்பு மாதிரியான ஒரு பொருளில் ஊறவைத்த எண்ணெய். வருஷக்கணக்கில், அதுவும் நம்ம ஊர் வெயிலில், எண்ணெய் பிரிந்து கசியும். சோப்பு மட்டும் மெழுகு மாதிரி காய்ந்து இருந்த இடத்திலேயே நிற்கும். வளையம் இறுகுவதும் இதழில் எண்ணெய் ஏறுவதும் இரண்டு நோய் இல்லை, ஒரே கிரீஸ் பிரிந்ததன் இரண்டு முகம்.

இதில் லைட்டர் ஃப்ளூயிட் விட்டால் என்ன ஆகும்? அது நாப்தா, கிரீஸை நன்றாகக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும். ஆனால் ஆவியாவது நாப்தா மட்டுமே, கிரீஸ் ஆவியாகாது. ஆவியாவதற்கு முன் இருக்கும் சில நிமிஷத்தில் கரைந்த கிரீஸ் தண்ணீராக ஓடும். குறுகலான இடைவெளிகள் அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், திரி எண்ணெயை இழுப்பது மாதிரி. ஒரு லென்ஸுக்குள் மிகக் குறுகலான இடைவெளி எது? இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இருப்பது. நாப்தா போன பிறகு கிரீஸ் அங்கே தங்கிவிடும். அழுக்கு வெளியேறவில்லை, வீடு மாறியிருக்கிறது. அதுவும் வாசலிலிருந்து பூஜை அறைக்கு.

இதனால்தான் "இன்றைக்கு வேலை செய்கிறது, அடுத்த மாசம் மறுபடி". கரைத்தால் மட்டும் போதாது, கரைந்ததை வெளியே எடுக்க வேண்டும். ஊறவைத்த துணியை அலசாமலே காயப்போட்டுவிட்டு வெளுத்துவிட்டது என்று சொல்கிறோம்.

டபிள்யூடி-40 விஷயம் இன்னும் மோசம். பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. நீரை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது, அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. அதில் இருக்கும் கரைப்பான் ஆவியான பிறகு ஓர் எண்ணெய்ப் படலம் தங்க வேண்டும் என்பதற்காகவே செய்த பொருள். கதவுக் கீலுக்கு அது வரம். காய்ந்தே இருக்க வேண்டிய இதழ்களுக்கு அதே குணம் சாபம்.

ஹேர் டிரையர் பக்கம் வருவோம். "உலோகம் விரிவடையும், பிடி தளரும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மிமீ விட்டமுள்ள அலுமினிய வளையம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 0.046 மிமீ விரியும். உள்ளே இருப்பது பித்தளையானால் அது 0.038 மிமீ விரியும். கிடைத்த இடைவெளி 0.008 மிமீ, தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இரண்டுமே அலுமினியமாக இருந்து ஒரே அளவு சூடேறினால் லாபம் ஒண்ணும் இல்லை. உள்ளே அலுமினியம், வெளியே பித்தளை என்றால் இன்னும் இறுகும். சூடு வேலை செய்வதாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் விரிவு இல்லை, கிரீஸ் இளகுவதுதான். இளகிய கிரீஸ் எங்கே போகும் என்று மேலே பார்த்தோம். தவிர, அந்தக் காலத்து லென்ஸ்களில் கண்ணாடிகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் ஒரு மரப்பிசின், அதுவும் சூட்டில் இளகும்.

ஏன் சாகவில்லை இந்த அறிவுரை?

யோசித்துப் பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது. வளையம் அசைந்த அந்த நிமிஷத்தில் எல்லோரும் "வந்துருச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆறு மாசம் கழித்து இதழில் எண்ணெய் பளபளக்கும்போது யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை, பலருக்கு அது சொட்டின் விளைவு என்றே தெரியாது. நானும் நாலு வாரம் வரை அந்த வைத்தியத்தின் பிரசாரகன்தான்.

இரண்டாவது, பழுது பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தாலும் கூலி லென்ஸின் விலையைத் தாண்டும். இதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு தொகுதியைக் கழற்றி, கழுவி, அளவு பார்த்து மாட்ட அரை நாள் ஆகும்.

மூன்றாவது, "மலிவான லென்ஸ்தானே, போனால் போகுது" என்ற எண்ணம். உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட லென்ஸ்களில் ஒன்று என்பதால் ஹீலியோஸ்தான் இந்தப் பரிசோதனைகளின் எலி. சந்தையில் அது மலிவுதான். ஆனால் நண்பன் வீட்டு பீரோவில் இருந்தது ஒன்றே ஒன்று.

என்ன செய்தேன்

முன் வளையத்தை 16-க்குத் திருப்பியதும் பின் வளையம் நகர்ந்தது. நண்பன் முகத்தில் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. ஆனால் ஊற்றியது ஊற்றியதுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் எட்டு இதழும் பளபளவென்று இருந்தன.

எண்ணெய் ஏறினாலும் ஹீலியோஸ் உடனே படுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தானாகச் சுருங்கும் லென்ஸில் இதழை இழுப்பது ஒரு மெல்லிய ஸ்ப்ரிங், எண்ணெய் ஒட்டினால் இதழ் தாமதமாக மூடும், படம் வெளுத்துப்போகும். ஹீலியோஸில் இழுப்பது நம் கை. அதனால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அந்த எண்ணெய் பக்கத்துக் கண்ணாடியில் மெல்லப் படியும், ஒட்டிய இதழைக் கை இழுக்க இழுக்க ஊசிக்குப் பலம் போகும். விட்டுவைக்க மனசு வரவில்லை.

முதலில் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ. முன் வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று குட்டி ஸ்க்ரூக்களைத் தளர்த்துவதற்கு முன்னால் வளையமும் உடலும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இந்தக் கோடு இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது 8 என்று காட்டும் இடத்தில் 5.6 வரும். பள்ளத்தை முழுசாக நிரப்பும் அளவுள்ள ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் எடுக்க வேண்டும், சின்னது பள்ளத்தைச் சாப்பிட்டுவிடும். வேலையைப் பழைய வெள்ளைத் துண்டின் மேல் செய்தேன். ஸ்ப்ரிங், குண்டு எது விழுந்தாலும் உருளாது, கண்ணுக்குத் தெரியும்.

முன், பின் கண்ணாடித் தொகுதிகளை வெளியே எடுத்த பிறகு, இதழ்கள் இருக்கும் பகுதியை அப்படியே, இதழ்களைப் பிரிக்காமல், ஒரு கண்ணாடிக் கிண்ணத்து நாப்தாவில் முக்கி மெதுவாகத் திறந்து மூடினேன். முதல் கிண்ணம் டீ நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டுப் புதுசு, இப்படி நாலு முறை. கடைசி முறை, காய்ந்த டிஷ்யூவில் ஒரு துளி விட்டு ஆவியாக விட்டால் வளையம் மாதிரி கறை எதுவும் தங்கவில்லை. அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். ஜன்னல் திறந்து, அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத அறையில்தான் இதைச் செய்ய வேண்டும். நாப்தா பெட்ரோலின் தம்பி.

இதழ்களுக்கு எந்த எண்ணெயும் போடவில்லை, போடக்கூடாது. வளையம் உரசும் இடத்தில் மட்டும் பல்குத்தி முனையால் மிகக் கொஞ்சம் கிரீஸ். அதே திரவம்தான், அதே நாப்தாதான். சொட்டாக உள்ளே விட்டபோது நோய், கிண்ணத்தில் அலசி வெளியே கொட்டியபோது மருந்து. அதனால் என் சண்டை லைட்டர் ஃப்ளூயிடோடு இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கழற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பசை இறுக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், ஒன்றும் ஊற்றாமலே, தினமும் பத்து நிமிஷம் மெதுவாக முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாலே பல லென்ஸ்கள் இளகிவிடும். இறுகி இருக்கிற லென்ஸ் அப்படியே இருந்தால்கூட ஒரே அபெர்ச்சரில் படம் எடுக்கும். ஊசி உடைந்த லென்ஸ் எடுக்காது. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்பதை இந்த வைத்தியம் எங்கேயும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நண்பன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை, "சர்வீஸ் பண்ணினோம்ப்பா" என்று மட்டும் சொன்னான். அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல் கையில் வாங்கினார். கட்டைவிரல் நேரே முன் வளையத்துக்குப் போயிற்று. டொக், டொக், டொக், டொக் என்று எண்ணி நிறுத்திவிட்டு, பின் வளையத்தை முட்டும் வரை திருப்பினார்.

"எட்டுல நிக்கணுமே, பாருங்க தம்பி" என்றார்.

எட்டில்தான் நின்றது. மூன்று முறை சொட்டு விடுவதற்கு முன்னால் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நண்பன் நினைத்திருப்பான். நான் நினைத்தேன்.